பழைய இயந்திரத்துக்குப் புதிய மூளை



பள்ளி விளையாட்டுப் போட்டியில் பிள்ளைகள் பரிசாக வாங்கி வந்த கேடயம் உங்களில் பலர் வீட்டில் இருக்கும். அதில் பள்ளியின் பெயரும் ஆண்டும் பொடி எழுத்துகளாகப் பொறிக்கப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடைவாசலில் மின்னும் பெர்ஸ்பெக்ஸ் எழுத்துகளையும், திருவிழாக் கடைகளில் விற்கும் மரச் சாவிக்கொத்துகளையும் பார்த்திருப்பீர்கள். இவற்றில் பலவற்றை இப்போது ஒளியைக் கொண்டே வெட்டுகிறார்கள். அந்த வேலையைச் செய்வது லேசர் வெட்டும் இயந்திரம். அது பழையதாகி நின்றுபோனால் என்ன செய்யலாம் என்பதே இன்றைய உரையின் பொருள்.

தோட்டத்தில் இருக்கும் நமக்கு இது எதற்கு என்று கேட்கத் தோன்றும். நம் பிள்ளைகள் ஐந்தாம் படிவம் முடித்ததும் பட்டணத்துக்கு வேலை தேடிப் போகிறார்கள். விளம்பரப் பலகைக் கடைகளிலும் அச்சகங்களிலும் சேர்கிறார்கள். நம்மிடம் படித்த மாணவர் ஒருவர் அப்படிப்பட்ட ஒரு கடையில்தான் வேலை பார்க்கிறார். அந்தக் கடையின் பின்கட்டில் பத்தாண்டுக்கு மேல் உழைத்த இயந்திரம் ஒன்று துணி போர்த்திக் கிடந்தது. விற்ற இடத்தில் கேட்டதற்கு, "அந்த மாடலுக்குப் பாகம் இல்லை, புதிது வாங்குங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். புதிது வாங்க முதலாளியிடம் பணமில்லை. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று இருந்தார். "சார், அது போனால் என் வேலையும் போகும்" என்று சொல்லிக்கொண்டு அந்த மாணவர் நம்மிடம் வந்தார். கடையில் போய்ப் பார்த்தால், அந்தப் பெரிய இயந்திரத்தில் கெட்டிருந்தது கையகலப் பலகை ஒன்றுதான்!

அந்தப் பலகை எது என்று அறிய, இயந்திரம் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 1960ஆம் ஆண்டு மே மாதம் தியோடர் மைமன் என்ற அமெரிக்க அறிவியலாளர் செயற்கை மாணிக்கத் தண்டிலிருந்து முதல் லேசர் ஒளியை எழுப்பிக் காட்டினார். நான்கே ஆண்டுகளில், அதாவது 1964இல், பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய குமார் பட்டேல் என்பவர் கரியமில வாயுவிலிருந்து லேசரை எழச் செய்தார். இவர் இந்தியாவில் மகாராஷ்டிர மாநிலத்துப் பாராமதியில் பிறந்தவர். இன்று மரமும் பெர்ஸ்பெக்சும் வெட்டும் கடைகளில் எரிவது பெரும்பாலும் அவர் கண்ட அந்த வாயு லேசர்தான்.

நீண்ட கண்ணாடிக் குழாய் ஒன்றில் கரியமில வாயு, நைட்ரஜன், ஹீலியம் ஆகியவற்றைக் கலந்து அடைத்திருப்பார்கள். அதன் இரு முனைகளிலும் மிக உயர்ந்த மின்னழுத்தத்தைக் கொடுத்தால் கதிர் பிறக்கும். குழாய் சூடேறாமல் இருக்க அதைச் சுற்றித் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். பிறந்த கதிர் மூன்று கண்ணாடிகளில் பட்டுத் திரும்பி, ஒரு லென்சின் வழியே குவிந்து, மயிரிழை அகலப் புள்ளியாகப் பலகைமேல் விழும். அதன் அலைநீளம் 10.6 மைக்ரான். அது நம் கண்ணுக்குத் தெரியாது. தெரிவதெல்லாம் அது சுடும் இடத்தில் எழும் புகையும் தீப்பொறியும்தான்.

லென்ஸைத் தாங்கிய தலைப்பாகத்தை இரண்டு மோட்டார்கள் முன்னும் பின்னும், இடமும் வலமும் இழுத்துச் செல்கின்றன. இவை சாதாரண மோட்டார்கள் அல்ல; அடி அடியாக நகரும் ஸ்டெப்பர் மோட்டார்கள். பெரும்பாலானவை 200 அடி வைத்தால் ஒரு சுற்றுச் சுற்றும். இவற்றுக்குக் கண் கிடையாது. கண்ணைக் கட்டிக்கொண்டு ரப்பர் நிரையில் அடி எண்ணி நடக்கிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் மரத்திலிருந்து எண்ணத் தொடங்கினால் எந்த மரத்தடியிலும் சரியாகப் போய் நிற்பார். நடுவில் ஒருமுறை இடறிவிட்டால் அதற்குப் பிறகு எண்ணிக்கை முழுவதும் தவறாகிவிடும். ஆகையால்தான் இயந்திரம் ஒவ்வொரு முறை உயிர்பெறும்போதும் ஒரு மூலைக்குப் போய், அங்குள்ள சிறு சுவிட்சைத் தொட்டு, "இதுதான் முதல் மரம்" என்று தெரிந்துகொண்டு வேலையைத் தொடங்குகிறது.

எத்தனை அடி வைப்பது, எந்தப் பக்கம் போவது, கதிரை எப்போது எழுப்புவது, எவ்வளவு பலத்தில் எழுப்புவது என்று கட்டளை இடுவதுதான் கண்ட்ரோலர் என்னும் கட்டுப்பாட்டுக் கருவி. நம் பாட்டன் காலத்துக் கங்காணியைப் போன்றது அது. கணினியில் வரைந்த படம் அதனிடம் வருகிறது. அது வேலையைப் பிரித்துக் கொடுக்கிறது.

நேயர்களே, இந்தக் கங்காணிதான் முதலில் கிழடு தட்டிப்போகிறது. குழாய் தீர்ந்தால் வேறு குழாய் கிடைக்கும். பெல்ட், லென்ஸ், கண்ணாடி எல்லாம் பொது அளவுகளில் விற்கின்றன. கட்டுப்பாட்டுக் கருவியோ தனக்கென்று ஒரு மென்பொருளை நம்பியிருக்கிறது. அந்த மென்பொருள் ஒரு பழைய கணினியை நம்பியிருக்கிறது. லீட்ரோ என்ற சீனக் கருவி பொருத்திய இயந்திரங்கள் பலவற்றுக்கு லேசர்கட் என்ற மென்பொருள் வேண்டும். கணினியில் சாவி போன்ற ஒரு சிறு குச்சியைச் செருகினால்தான் அது வேலை செய்யும். குச்சி தொலைந்தால் இயந்திரம் ஊமை! பல கடைகளில் அந்த மென்பொருள் விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் ஓடியது. அந்த எக்ஸ்பிக்குக் கொடுத்துவந்த ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2014 ஏப்ரல் 8ஆம் நாளோடு நிறுத்திவிட்டது. இரும்பும் குழாயும் நன்றாக இருக்க, இயந்திரம் மூலையில் முடங்குவது இப்படித்தான்.

கே40 என்று பரவலாகச் சொல்லப்படும் சிறிய மேசை இயந்திரத்துக்கும் சாவிக்குச்சி உண்டு. ஆனால் அதற்குக் கே40 விஸ்பரர், மீர்கேட் என்ற இலவச மென்பொருள்களைச் சிலர் எழுதி வைத்திருக்கிறார்கள். அவை குச்சி இல்லாமலே பழைய பலகையோடு பேசும். அங்கே பலகையை மாற்ற வேண்டிய அவசியமே இல்லாமல் போகலாம். செலவில்லாத வழி இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணப்பையைத் திறக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் நோய் எது என்று தெரிய வேண்டும். இந்த இடத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். லேசருக்கு மின்சாரம் வழங்கும் பெட்டி பலவற்றில் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும். தண்ணீரை ஓடவிட்டு, லென்சுக்குக் கீழே மரத்துண்டு வைத்து, மூடியை மூடி, அந்தப் பொத்தானை ஒரு கணம் அழுத்திப் பார்க்கலாம். மரத்தில் கரும்புள்ளி விழுந்தால் குழாயும் மின்பெட்டியும் நலம். சந்தேகம் கட்டுப்பாட்டுக் கருவியின் பக்கம் திரும்பும். புள்ளி விழாவிட்டால் முதலில் கண்ணாடிகளையும், பிறகு குழாயையும் பெட்டியையும் பார்க்க வேண்டும். அடுத்து, மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தலைப்பாகத்தைக் கையால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். தடையில்லாமல் ஓடுகிறதா? பெல்ட்டின் பல் தேய்ந்திருக்கிறதா? ஒரு மூலையில் நன்றாக வெட்டி மறுமூலையில் வெட்டாவிட்டால் அது கண்ணாடிகளின் கோணல். தேய்ந்த குழாய்க்கும் கோணல் கண்ணாடிக்கும் புதிய மூளை மருந்தாகாது. கருவிக்கு வரவேண்டிய 24 வோல்ட் மின்சாரம் வந்தும் அதன் முகப்பு இருண்டு கிடந்தால்தான், கருவி போய்விட்டது என்று சொல்லலாம். நாம் பார்த்த இயந்திரத்தின் நிலை அதுதான்.

இப்போது ஓர் எச்சரிக்கை. குழாய்க்குப் போகும் தடித்த கம்பியில் ஓடுவது 20,000 வோல்ட் அளவிலான மின்சாரம். அது ஆளைக் கொல்லும். செருகியைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் சிறிது நேரம் தேங்கி நிற்கும். கட்டுப்பாட்டுக் கருவியை மாற்றுவதற்கு அந்தக் கம்பியைத் தொடவேண்டிய தேவையே இல்லை. நம் வேலை 24 வோல்ட், 5 வோல்ட் கம்பிகளோடுதான். தடித்த கம்பியில் வேலை இருந்தால் அதைப் பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிடுங்கள். தரைக்கம்பி சரியாக இணைந்திருக்கிறதா என்பதையும் அவரையே பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய லீட்ரோவின் இடத்தில் பலர் ரூய்டா என்ற கருவியைப் பொருத்துகிறார்கள். அதற்குச் சாவிக்குச்சி வேண்டாம். இன்றைய கணினிகளோடு நேராகப் பேசும். அதோடு வரும் மென்பொருளையும் வைத்துக்கொள்ளலாம், லைட்பர்ன் என்ற மென்பொருளை விலைக்கு வாங்கியும் வைத்துக்கொள்ளலாம். எல்லாம் சேர்ந்தும் புதிய இயந்திரத்தின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

ஒரு கம்பியைக் கழற்றுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுங்கள். ஒவ்வொரு கம்பியிலும் காகிதச் சீட்டு ஒட்டிப் பெயர் எழுதுங்கள். நம் மாணவர் இதைச் செய்ய அரைநாள் எடுத்துக்கொண்டார். முதலாளி முணுமுணுத்தார். ஆனால் மறுநாள் வேலை விறுவிறுவென்று ஓடியதற்குக் காரணம் அந்த அரைநாள்தான்.

மோட்டார்களை நேரடியாக ஓட்டுகிற சிறு பெட்டிகள் நன்றாக இருந்தால் அவற்றையே வைத்துக்கொள்ளலாம். அவற்றுக்குக் கட்டுப்பாட்டுக் கருவியிலிருந்து வருவது இரண்டே செய்திகள்: "அடி வை", "இந்தப் பக்கம் வை". மின்சாரம் ஓடும்போது மட்டும் மோட்டார்க் கம்பியைப் பிடுங்கிவிடாதீர்கள்; ஓட்டுப்பெட்டி கருகிவிடும். லேசர் மின்பெட்டியில் எல் என்று குறித்த முனை இருக்கும். அது தரைமுனையோடு சேர்ந்தால் கதிர் எழும். ஐஎன் என்ற முனை கதிரின் பலத்தைக் கூட்டும், குறைக்கும். பி என்பது காவல் முனை. தண்ணீர் ஓடாவிட்டாலோ மூடி திறந்திருந்தாலோ கதிர் எழாதபடி தடுப்பது அதன் வேலை. பணியிடம் ஒழுங்காக இருந்தால் போதும் என்று அந்தத் தண்ணீர் சுவிட்சையும் மூடிச் சுவிட்சையும் சிலர் துண்டுக் கம்பியால் குறுக்கே இணைத்துவிடுகிறார்கள். கண்ணையும் கையையும் அடகு வைக்கிற வேலை அது. அதை முதலாளியே சொன்னாலும் பிள்ளைகள் செய்யக்கூடாது.

முதல் ஓட்டத்தில் லேசர் மின்பெட்டிக்கு மின்சாரமே கொடுக்க வேண்டாம். நடை சரியாகட்டும், தீ பிறகு வரட்டும். ஒரு கை அவசர நிறுத்தப் பொத்தான்மேல் இருக்கவேண்டும். மூலைச் சுவிட்சின் அமைப்பு தலைகீழாக இருந்தால், தலைப்பாகம் நிற்காமல் சட்டத்தில் போய் முட்டும்.

இனி நம் பள்ளிக்கூடக் கணக்கு வருகிறது. மோட்டாருக்கு ஒரு சுற்றுக்கு 200 அடி. ஓட்டுப்பெட்டி ஒவ்வோர் அடியையும் 16 கூறாகப் பிரித்தால் 3200. பல்சக்கரத்தில் 20 பல், பல்லுக்குப் பல் 2 மில்லிமீட்டர் என்றால் ஒரு சுற்றில் பெல்ட் 40 மில்லிமீட்டர் நகரும். 3200ஐ 40ஆல் வகுத்தால் மில்லிமீட்டருக்கு 80 அடி. ரூய்டா இதையே திருப்பிப் போட்டு, ஓர் அடிக்கு எத்தனை மைக்ரான் என்று கேட்கும். 40,000 மைக்ரானை 3200ஆல் வகுத்தால் 12.5. பல்லை எண்ண முடியாத இடத்தில் உத்தேசமாக ஓர் எண்ணைக் கொடுத்து, 300 மில்லிமீட்டர் நீளக் கோடு ஒன்றை இழுக்கச் சொல்லி அளந்து பாருங்கள். 297தான் வந்தது என்றால், 80ஐ 300ஆல் பெருக்கி 297ஆல் வகுக்க வேண்டும், 80.81 கிடைக்கும். கோடு நீளமாக இருக்க இருக்க, அளப்பதில் வரும் பிழையின் பங்கு சிறுத்துவிடும். "பின்னம் படித்து என்ன பயன்?" என்று கேட்கிற ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு நாம் இப்போது இந்தக் கணக்கைத்தான் கொடுக்கிறோம்.

புதிய கருவியால் இன்னொரு நன்மையும் உண்டு. கே40 போன்ற பழைய இயந்திரங்கள் பலவற்றில் கதிரின் பலத்தைக் கைத்திருகியால்தான் மாற்ற முடியும். திருப்பத்தில் தலைப்பாகம் வேகம் குறையும்போதும் அதே பலத்தில் சுட்டு, மூலைகள் கருகிவிடும். புதிய கருவிக்குக் குறைந்த பலம் ஒன்று, கூடிய பலம் ஒன்று என்று இரண்டைச் சொல்லி வைக்கலாம். வேகம் குறைந்தால் அதுவே பலத்தையும் குறைத்துக்கொள்ளும்.

இந்த வேலையில் விருப்பமுள்ள பிள்ளைகளுக்கு, மனிதவள அமைச்சின் கீழுள்ள தொழிற்பயிற்சிக் கழகங்களில், அதாவது ஐஎல்பிக்களில், மின்னணுவியல் போன்ற துறைகளில் பயிற்சியும் மலேசியத் திறன் சான்றிதழும் உண்டு. பெண்பிள்ளைகளும் சேரலாம். நுண்ணிய கம்பி வேலையில் அவர்கள் சளைத்தவர்கள் அல்லர்.

இயந்திரம் ஓடத் தொடங்கியதும் வாடிக்கையாளர்கள் கண்டதையெல்லாம் கொண்டுவந்து வெட்டித் தரச் சொல்வார்கள். பிவிசி என்ற பிளாஸ்டிக்கை மட்டும் அதில் வைக்கவே கூடாது. அது சுடப்பட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு எழும். நுரையீரலைப் புண்ணாக்கும், புதிதாகப் பொருத்திய கருவியையும் தண்டவாளத்தையும் அரித்துவிடும். ரெக்சின் துணியிலும் ஒட்டுத் தாள்களிலும் பிவிசி இருப்பதுண்டு. சந்தேகம் வந்தால், வெளியில் காற்றோட்டமான இடத்தில், கைப்பிடி வைத்த செம்புக் கம்பியை நெருப்பில் நன்றாகக் காய்ச்சி, அந்தப் பிளாஸ்டிக்கின் ஓரத்தில் ஒருமுறை தொட்டு, மீண்டும் நெருப்பில் காட்டுங்கள். சுடர் பச்சையாக எரிந்தால் அதில் குளோரின் இருக்கிறது என்று பொருள். அந்தச் சரக்கை வாடிக்கையாளரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கண்ணாடிகளை எப்படி நேராக்குவது என்பதை அடுத்த உரையில் பார்ப்போம்.