பூட்டு தொங்கிய கதவு



ஒருநாள் குழுக் கூட்டம் முடிஞ்சு வீட்டுக்குப் போனேன். கதவில் என் பூட்டுக்கு மேலே இன்னொரு பூட்டு. இரண்டு மாத வாடகை பாக்கி. “கட்டிட்டு உள்ளே போ” என்றார் வீட்டு ஓனர். பிள்ளையின் பாடப் புத்தகம், மாற்றுத் துணி, நம்ம குழுவின் தீர்மானப் புத்தகம் எல்லாம் உள்ளே. தப்பு என்மேலதானே என்று வாயடைத்து நின்றேன்.

பாக்கி வைத்தது என் தப்புதான். ஆனால் பூட்டியது அவர் தப்பு. சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போன பிறகுதான் இது புரிந்தது. பாக்கி இருந்தாலும் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வெளியேற்றக் கூடாது. நகர்ப்புறத்துக்கான 2017-ஆம் ஆண்டு தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி தண்ணீர், கரண்டை நிறுத்தவும் கூடாது. வெளியே தள்ளினால் ஆறு மாதத்துக்குள் சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டு வீட்டைத் திரும்பக் கேட்கலாம். பெண்களுக்கு வக்கீல் இலவசம். வருமான வரம்பு கிடையாது. 15100-க்குப் போன் போட்டால் வழி சொல்வார்கள்.

வக்கீல் நோட்டீஸ் போனது, பூட்டு திறந்தது. பாக்கியை மூன்று தவணையில் கட்டி முடித்தேன்.

அக்கா தங்கச்சிகளே, பூட்டை உடைக்காதீங்க; போட்டோ எடுங்க. வாடகை கொடுத்ததற்கு அத்தாட்சி, ரேஷன் கார்டு, கேஸ் புக் இதுக்கெல்லாம் நகல் எடுத்து வேற இடத்தில் வையுங்க. முக்கியமா, என்னை மாதிரி தலைகுனிஞ்சு தனியா நிக்காதீங்க. முதல்ல குழுவைக் கூப்பிடுங்க.