கடையும் காவலும் ஒரே கையில்

ஊக்கமருந்தும் விளையாட்டு நிர்வாகமும் என்ற பொருளில் அமைந்த இக்கருத்தரங்குக்குத் தலைமை ஏற்கும் பொறுப்பை எனக்கு அளித்த அமைப்பாளர்களுக்கு நன்றி. பல விளையாட்டுகளைப் பற்றிய கட்டுரைகள் இங்கே வாசிக்கப்பட இருக்கின்றன. நான் தொழில்முறைச் சைக்கிள் பந்தயம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வீரர்கள் செய்த தவறோடு அவர்களை ஆண்ட அமைப்பு செய்த தவறும் ஆவணங்களோடு வெளிவந்த விளையாட்டு அது. மருந்து உட்கொண்டவரைத் தண்டிப்பதோடு கணக்கு தீர்ந்துவிடாது. ஒரு விளையாட்டை வளர்த்து விற்கும் நிறுவனமே அதற்குக் காவலாகவும் இருந்தால், அந்தக் காவல் தளர்ந்தே தீரும். இதுவே என் வாதம்.

இந்த விளையாட்டின் பெரிய மோசடிகளைக் கண்டுபிடித்தவர்கள் யார் என்று முதலில் பார்ப்போம். 1998 ஜூலையில், டூர் டி பிரான்ஸ் தொடங்கும் வேளையில், ஃபெஸ்டினா அணியின் காரைப் பிரான்ஸ்–பெல்ஜியம் எல்லையில் நிறுத்தி மருந்துக் குப்பிகளைக் கைப்பற்றியவர்கள் சுங்க அதிகாரிகள். 2006இல் வீரர்களுக்காக ஒரு மருத்துவர் வைத்திருந்த ரத்தப் பைகளைப் பிடித்தது ஸ்பெயின் நாட்டுக் காவல்துறை. அமெரிக்க வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் 1999ஆம் ஆண்டு மாதிரிகளில், சிவப்பணுக்களைப் பெருக்கும் ஈபிஓ என்ற மருந்து இருந்தது என்று 2005இல் வெளியிட்டது ‘லெக்கிப்’ என்ற பிரெஞ்சு நாளேடு. 2012 அக்டோபரில் 26 பேரின் சாட்சியத்தோடு அவருடைய அணியின் முழு ஏற்பாட்டையும் அவிழ்த்துக் காட்டியது அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகமை. சுங்கம், காவல்துறை, பத்திரிகை, வேற்று முகமை என எல்லாமே வெளியார். வீட்டுக்குள் நடந்த திருட்டை ஒவ்வொரு முறையும் தெருவில் போகிறவர்களே கண்டு சொன்னால், வீட்டுக் காவலைத்தான் விசாரிக்க வேண்டும்.

“அன்றைக்கு அறிவியல் அவ்வளவுதான் வளர்ந்திருந்தது, நிர்வாகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை” என்பது முதல் மறுப்பு. இதில் பாதி உண்மை. ஈபிஓவைக் கண்டறியும் சோதனை 2000ஆம் ஆண்டில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன், 1997இல், இந்த விளையாட்டை ஆளும் சர்வதேச சைக்கிள் ஒன்றியம் ஒரு வரம்பு விதித்தது: ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 50 விழுக்காட்டைத் தாண்டினால் ஆண் வீரர் உடல்நலம் கருதிச் சில நாள் ஒதுங்கியிருக்க வேண்டும். வரம்பே இலக்காக மாறிப்போனது. 1998 உலகச் சாம்பியன் போட்டியின்போது நடந்ததை அமெரிக்க முகமையின் அறிக்கை விவரிக்கிறது. ரத்தம் எடுக்க ஒன்றியத்தின் ஆள் வந்து நிற்கிறார். அணியின் மருத்துவர் வெளியே போய், ஒரு லிட்டர் உப்புக் கரைசலை மழைக்கோட்டுக்குள் மறைத்து, அவரைத் தாண்டியே ஆம்ஸ்ட்ராங்கின் அறைக்குக் கொண்டுசெல்கிறார். கரைசல் நரம்பில் ஏறியதும் ரத்தம் நீர்த்து, எண் இறங்கிவிடுகிறது. இதை அறிவியலின் குறை என்று ஏற்கலாம்.

அடுத்த ஆண்டு நடந்ததற்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. 1999 டூரில் ஆம்ஸ்ட்ராங்கின் மாதிரியில் கார்டிசோன் வகை மருந்து தெரிந்தது. சோதனை தன் வேலையைச் செய்துவிட்டது. மருத்துவ அனுமதி முன்கூட்டியே இருக்க வேண்டும் என்பது ஒன்றியத்தின் சொந்த விதி. இருந்தும், முன்தேதியிட்ட மருந்துச் சீட்டு ஒன்றைப் பின்னர் வாங்கிக்கொண்டு விஷயத்தை முடித்தார்கள். 2009இல் அவர் களத்துக்குத் திரும்பியபோது, ஆறு மாதம் சோதனைப் பட்டியலில் இருந்திருக்க வேண்டும் என்ற விதிக்குப் 13 நாள் குறைந்தது. விதி அவருக்காக வளைந்தது. இந்த இரண்டு இடத்திலும் தவறியது ஆய்வுக்கூடம் அல்ல, மேசையில் எடுத்த முடிவு.

“லஞ்சம் நிரூபிக்கப்பட்டதா?” என்பது இரண்டாவது மறுப்பு. இல்லை. ஒன்றியமே அமர்த்திய சுதந்திர ஆணையம், சுவிட்சர்லாந்தின் முன்னாள் அரசு வழக்குரைஞர் டிக் மார்ட்டி தலைமையில் ஆராய்ந்து, 2015 மார்ச்சில் அறிக்கை தந்தது. பணம் வாங்கிக்கொண்டு சோதனை முடிவை மறைத்ததற்குச் சான்றில்லை என்றது. ஆம்ஸ்ட்ராங்குக்குச் சலுகை காட்டப்பட்டது என்றும் அதே அறிக்கை சொன்னது. அவர் ஒன்றியத்துக்கு நன்கொடை அளித்தார், ஒன்றியமும் பெற்றுக்கொண்டது. 2005ஆம் ஆண்டுக் குற்றச்சாட்டை ஆராய்ந்ததாகச் சொல்லப்பட்ட முந்தைய அறிக்கையில் அவருடைய வழக்கறிஞர்களின் கை இருந்தது என்பதையும் ஆணையம் பதிவு செய்தது. என் வாதத்துக்கு இதுவே வலுச் சேர்க்கிறது. கெட்ட மனிதர் ஒருவர் லஞ்சம் வாங்கியிருந்தால் அவரை நீக்கிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். லஞ்சமே இல்லாமல் இவ்வளவும் நடந்தது என்றால் கோளாறு அமைப்பில் இருக்கிறது. புற்றுநோயிலிருந்து மீண்டு வந்த நாயகனான ஆம்ஸ்ட்ராங்கால் அமெரிக்கச் சந்தை திறந்தது. அவரைக் காப்பது விளையாட்டைக் காப்பதாகவே நிர்வாகிகளுக்குத் தோன்றியது.

“இப்போது நிலைமை திருந்திவிட்டது” என்ற மூன்றாவது மறுப்பை நான் மதிக்கிறேன். 2008இல் வீரரின் ரத்த அளவுகளைத் தொடர்ந்து பதியும் உயிரியல் கடவுச்சீட்டை முதலில் கொண்டுவந்தது சைக்கிள் பந்தயம்தான். 2021 முதல் சோதனைப் பணி சர்வதேசச் சோதனை முகமையிடம் போய்விட்டது. இவை உண்மையான முன்னேற்றங்கள். காவலைக் கடையிலிருந்து பிரித்த அளவுக்கே நம்பிக்கை வளர்ந்தது என்பதையும் இவை காட்டுகின்றன. ஆனால் சோதனை கைமாறினாலும் விதி எழுதுவது ஒன்றியம். செலவில் பங்கு தருபவர்கள் ஒன்றியமும் அணிகளும் போட்டி அமைப்பாளர்களும். பிரிவினை இன்னும் முழுமையாகவில்லை.

இதில் இழந்தவர் யார் என்பதையும் மறக்கக் கூடாது. 1999 டூரில் மருந்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசிய கிறிஸ்டோஃப் பாஸோன் என்ற பிரெஞ்சு வீரரைச் சக வீரர்கள் ஒதுக்கினார்கள். ஆம்ஸ்ட்ராங் ஓடும் பந்தயத்திலேயே அவரைக் கடிந்துகொண்டார். பாஸோன் பாதியில் விலகி வீடு திரும்பினார். முன்தேதிச் சீட்டை ஒன்றியம் ஏற்றுக்கொண்டதும் அதே பந்தயத்தில்தான். ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் பட்டங்களும் 2012இல் பறிக்கப்பட்டன. பாஸோனுக்கு அந்த ஜூலை மாதத்தை யாரும் திருப்பித் தரவில்லை. இங்கே கட்டுரை வாசிக்கப்போகும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன்: நீங்கள் எடுத்துக்கொண்ட விளையாட்டில் விசாரணைக் கோப்பைத் திறப்பவர் யார், மூடுபவர் யார், அவர்களுக்குச் சம்பளம் தருபவர் யார் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தேடுங்கள். அந்த வேண்டுகோளோடு கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.