புற்றுநோய் என்று சொன்ன பிறகு



புற்றுநோய் என்று டாக்டர் சொன்னதும் காது அடைத்துப்போகிறது. அதற்குப் பிறகு அவர் சொல்வது மனசில் ஏறுவதில்லை. அதனால் தனியாகப் போகக்கூடாது. கூட ஒருவர் வேண்டும். டாக்டர் சொல்வதை எழுதிக்கொள்ள ஒரு நோட்டும் வேண்டும். இப்போது நீங்களே எழுதலாமே!

முதலில் நோய் இன்னது என்று உறுதியாக வேண்டும். கட்டியில் ஊசி போட்டுச் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள். ஊசி பட்டால் நோய் பரவும் என்று ஊரில் பேசுவார்கள். அந்தப் பயத்திலேயே பலர் நாளைக் கடத்திவிடுகிறார்கள்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கைக்குப் புற்றுநோய் வந்தது. சீதபேதி என்று நினைத்து வைத்தியம் செய்தார்கள். உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. 1923இல் அவர் இறந்துபோனார். டாக்டரால் அதை மறக்க முடியவில்லை. 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது அவருடைய முயற்சியால்தான்.

நோய் உறுதியானால் அடுத்தது என்ன? ஆனைகட்டியில் கூலி வேலை செய்யும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். அவளுக்கு மார்பில் சிறு கட்டி. டாக்டர் இரண்டு வழி சொல்கிறார். மார்பு முழுவதையும் எடுக்கலாம். அல்லது கட்டியை மட்டும் எடுத்துவிட்டு, கதிர் சிகிச்சை தரலாம்.

எது நல்லது? அமெரிக்காவில் டாக்டர் பெர்னார்டு ஃபிஷர் 1976இல் இதற்கு விடை தேடத் தொடங்கினார். 1,800க்கும் அதிகமான பெண்களை அவருடைய குழு 20 ஆண்டுகள் கவனித்தது. முடிவு 2002இல் வந்தது. இரண்டு வழியிலும் உயிர் பிழைத்தவர்கள் ஏறக்குறைய சமம். ஆனால் கட்டியை மட்டும் எடுத்து, கதிர் சிகிச்சை பெறாதவர்களில் 100க்கு 39 பேருக்கு அதே மார்பில் நோய் திரும்பியது. கதிர் சிகிச்சை பெற்றவர்களில் 100க்கு 14 பேருக்குத்தான் திரும்பியது.

ஆகவே அவள் கணக்குப் போட வேண்டும். கதிர் சிகிச்சை வாரத்தில் ஐந்து நாள். மூன்று முதல் ஆறு வாரம் வரை நடக்கும். கோயம்புத்தூர் சுமார் 30 கிலோமீட்டர். மாங்கரை தாண்டினால் மலைப்பாதை. யானை வழியில் நின்றால் பஸ்ஸும் நிற்கும்! தினமும் போய்வர முடியுமா? கூலி போனால் வீடு எப்படி ஓடும்? தங்க இடம் உண்டா? பாதியில் நிறுத்தும்படி ஆகுமென்றால், மார்பை எடுப்பதே அவளுக்கு ஏற்றதாக இருக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மார்பைக் காப்பாற்ற விரும்பினால் அதுவும் நியாயமே. முடிவு அவளுடையது. கணவனோ மாமியாரோ அவளுக்காகத் தீர்மானிக்கக் கூடாது.

யோசிக்க நேரம் உண்டா? மார்புக் கட்டிக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் உண்டு. மாதக்கணக்கில் இல்லை. வேகமாக வளரும் சில ரத்தப் புற்றுநோய்களுக்கு ஒரு நாள்கூடத் தாமதம் கூடாது. எத்தனை நாள் பொறுக்கலாம் என்று டாக்டரிடமே கேட்டுவிடலாம்.

நோய் முற்றியிருந்தால், "இந்த மருந்து குணமாக்கவா, நாளை நீட்டிக்கவா?" என்று கேட்க வேண்டும். நிலத்தை விற்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது. வலியைக் குறைப்பதும் வைத்தியம்தான். கேரளத்தில் பஞ்சாயத்து மூலம் செவிலியர் வீடு தேடி வந்து அதைச் செய்கிறார்கள்.

இன்னொரு டாக்டரிடம் கேட்டாலும் தவறில்லை. சோதனைச் சீட்டு, ஸ்கேன் படம் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஆனைகட்டியில் மாநில எல்லை ஊருக்குள்ளேயே ஓடுகிறது. காப்பீட்டு அட்டை கேரளத்துக்கு வேறு, தமிழ்நாட்டுக்கு வேறு. கையில் இருக்கும் அட்டை எந்த ஆஸ்பத்திரியில் செல்லும் என்பதைச் சேருவதற்கு முன்பே அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் கேட்க வேண்டும்.