குருதி அழுத்தம் தணிக்கும் வேர்



ஒட்டன்சத்திரம் பக்கத்து வயல்களில் கண்வலிக்கிழங்கு விளைவதை இங்குள்ளோர் அறிவீர்கள். சங்கப் புலவர் பாடிய செங்காந்தளே அது. பெருவிரல் மூட்டு வீங்கும் கீல்நோய்க்கு அதன் விதை மருந்தாகிறது. அளவு மிஞ்சின் உயிரையே கொள்கிறது. குருதி அழுத்தம் தணிக்கும் சிவன் அமல்பொடியும் அத்தகையதே.

வடமொழியார் சர்ப்பகந்தா என்றழைக்கும் இச்செடி நம் வறண்ட சமவெளிக்குரியதன்று. ஈரக் காடுகளில் வளர்வது. பாம்புக்கடிக்கும் பித்துக்கும் நாட்டு மருத்துவர் இதன் வேரை நெடுங்காலமாகக் கொடுத்து வந்தனர். அது குருதி அழுத்தத்தைக் குறைப்பதை வங்க மருத்துவர்களாகிய கணநாத சென்னும் கார்த்திக் சந்திர போசும் 1931-இல் எழுதினர். மேலையுலகம் செவிசாய்க்கவில்லை. 1949-இல் மும்பை மருத்துவர் உருசுத்தம் சால் வக்கீல் இங்கிலாந்து இதழில் எழுதிய பின்னரே விழித்தது! 1952-இல் சுவிட்சர்லாந்துச் சீபா நிறுவனத்தார் அவ்வேரினின்று இரெசர்பினைப் பிரித்தெடுத்தனர்.

அது செயற்படும் வகை யாது? குருதிக் குழாயைச் சுருங்கச் செய்வது நரம்பு முனையிலிருந்து வெளிப்படும் நாரட்ரினலின் என்னும் பொருள். முனையிலுள்ள நுண்பைகள் அதனைச் சேமித்து வைக்கின்றன. திண்டுக்கல்லார்க்குப் பூட்டைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? இரெசர்பின் அப்பைகளின் வாயிலைப் பூட்டிவிடுகிறது. உள்ளே புகவியலாத நாரட்ரினலின் நரம்புக்குள்ளேயே சிதைகிறது. இருப்புக் குறையக் குறையக் குழாய்கள் தளர்ந்து விரிகின்றன, நெஞ்சத் துடிப்பும் தணிகிறது, அழுத்தம் இறங்குகிறது. இருப்புக் கரைய நாளாகுமாதலின் முழுப்பயன் தெரியச் சில கிழமைகள் ஆகும். மருந்தை நிறுத்தினாலும் அதன் விளைவு உடனே நீங்காது.

இப்பூட்டு மூளையையும் விடுவதில்லை. மூக்கடைப்பு, சோர்வு, சிலர்க்கு ஆழ்ந்த மனத்தளர்ச்சி ஆகியனவும் நேரும். மனத்தளர்ச்சி உற்றோர்க்கு இது ஆகாது. புதிய மருந்துகள் வந்தபின் மருத்துவர் இதனை அரிதாகவே தருகின்றனர்; தந்தாலும் நாளொன்றுக்கு 0.1 முதல் 0.25 மில்லி கிராம் அளவே. கடையில் வாங்கும் வேர்த்தூளில் அவ்வளவு எத்துணையென யார் அறிவார்? அதனை நம்பி, மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்துவோர்க்கு மூளைக் குருதிக்குழாய் வெடிக்கவுங்கூடும். மூலிகைதானே, தீங்கென்ன என்பது பேதைமை.

வேருக்காகத் தோண்டப்படுவதால் செடியே மடிகிறது. காடுகளில் அருகியதால் 1990 முதல் இதன் பன்னாட்டு வணிகம் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. விதையின் முளைப்புத்திறனும் குறைவு. எனவே வேர்த்துண்டு, தண்டுத்துண்டு நட்டும் பயிராக்குகின்றனர்.