வயசானா பல்லு விழும்னு விட்டுடலாமா?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த மாதம் பல்லைப் பற்றிப் பேசலாம் என்றதும் சிலர் சிரித்தீர்கள். "அதுல பேச என்னங்க இருக்கு? வலிச்சா புடுங்கிடறது, வயசானா தானா விழுந்துடும்"னு ஒரு அக்கா சொன்னாங்க. அந்தப் பேச்சையே எடுத்துக்கறேன்.

பெரியவர்களுக்கு 32 பல். ஞானப்பல் நாலும் முளைக்காதவங்களுக்கு 28. இது போனால் மறுபடி முளைக்காது. ஆனால் வயசு மட்டும் பல்லைத் தள்ளிவிடாது. பெரும்பாலும் ரெண்டு நோய்தான் காரணம்: சொத்தை, ஈறு நோய்.

சொத்தையைப் பூச்சிப்பல் என்கிறோம். உள்ளே பூச்சி எதுவும் இல்லை. பல்லில் ஒட்டிய இனிப்பை வாயிலுள்ள கிருமிகள் அமிலமாக்கி பல்லை அரிக்குது. முதலில் சின்னக் கறுப்புப் புள்ளி, வலிக்காது. அப்பவே போனால் அடைத்து விடுவார்கள். குழி நரம்பு வரைக்கும் போன பிறகுதான் ராத்தூக்கம் போகும். அப்பவும் வேர் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாத்தலாம், ஆனா தனியாரில் ஆயிரக்கணக்கில் செலவு. நாம என்ன பண்றோம்? கிராம்பு வைக்கிறோம், மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போடுறோம். வலி நின்னா சரியாயிடுச்சுன்னு நினைக்கிறோம். நரம்பு செத்தாலும் வலி நிற்கும் சகோதரிகளே!

ஈறு நோய் இதைவிட மோசம். வலியே தெரியாது. பல் விளக்கும்போது ரத்தம் வரும், வாய் நாறும், பல்லோரம் காரை கெட்டியா படியும். உள்ளே பல்லைத் தாங்குகிற எலும்பு கரையும். வேலிக்கம்பு நல்லாத்தான் இருக்கு, அடிமண்ணு அரிச்சுப்போச்சுன்னா நிக்குமா? அப்படித்தான் சொத்தையே இல்லாத பல்லும் ஆடி விழுது. சர்க்கரை நோய் இருந்தால் இது சீக்கிரம் முற்றும். ஈறு கெட்டிருந்தால் சர்க்கரையும் லேசில் கட்டுப்படாது. வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்களுக்கு ஈறு சுருங்கும், வாய்ப்புற்று பயமும் உண்டு. பல்பொடியில் புகையிலை சேர்க்கக்கூடாதுன்னு மத்திய அரசு 1992இலேயே தடை போட்டது. நம்ம ஊரில் பல்வலிக்குப் புகையிலையை ஒதுக்கிக்கிற பழக்கம் இன்னும் போகலை.

ரத்தம் வருதுன்னு அந்த இடத்தை விளக்காமல் விடுறாங்க. அங்கேதான் மெதுவாக விளக்கணும். காரை எடுத்தால் பல் ஆடும் என்பதும் தப்பு. ஏற்கெனவே ஆடுகிற பல்லைக் காரைதான் பிடிச்சு வெச்சிருக்கும். மேல்பல் எடுத்தால் கண் போகாது. வயித்துப் பிள்ளை தாயோட பல்லிலிருந்து சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சாது. கர்ப்ப காலத்தில் ஈறு வீங்கும், அதைக் கவனிக்காமல் விடுவதால்தான் கெடுது. நாலு முதல் ஆறாம் மாதத்துக்குள் தைரியமாகப் பல் வைத்தியம் செய்யலாம்.

பிள்ளைங்க விஷயம் ஒண்ணு. ஆறு வயசில் பால்பல் வரிசைக்குப் பின்னால் புதுசாக ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் வருவதால் அதையும் பால்பல்லுன்னு நினைச்சு விட்டுடறோம். அது ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல். சொத்தையில் முதலில் போவதும் பெரும்பாலும் அதுதான்.

எனக்கு ஒரு வருத்தம். நம்ம குழுக்களின் கடன் பதிவேட்டில் வீட்டுக்காரர் வைத்தியம், பிள்ளை படிப்பு, கறவை மாடு எல்லாம் இருக்கு. தன் பல்லுக்குன்னு கடன் கேட்டவங்க பேரை நான் இதுவரை பார்க்கலை. வீட்டில் எல்லோருக்கும் ஆன பிறகு நம்ம முறை வரும்போது பிடுங்குறதைத் தவிர வழியில்லாமல் போயிடுது. ஒரு பல் போனால் பக்கத்துப் பல் சாயும், எதிர்ப்பல் இறங்கும். அப்புறம் முறுக்கு, கடலை எல்லாம் மறக்க வேண்டியதுதான்.

பல தாலுகா அரசு மருத்துவமனைகளில் பல் மருத்துவர் இருக்கிறார். ஊக்குநர்கள் அடுத்த குழுக் கூட்டத்தில் ரெண்டே கேள்வி கேளுங்க: ஈறில் ரத்தம் வருதா, பல் ஆடுதா? ஆமாம்னு சொல்றவங்க பேரைக் குறிச்சுக் கொடுங்க. பத்துப் பேர் சேர்ந்தால் ஒரே நாளில் போய்வரலாம், நானும் கூட வர்றேன். ஓ.பி. சீட்டு காலையிலேயே வாங்கணும், அதனால முதல் பஸ்ஸுக்கே கிளம்பணும். சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுறவங்க அந்தச் சீட்டையும் மறக்காமல் எடுத்துக்குங்க.