ஒரே அளவுகோல்

(விழா அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழங்காலப் பாய்மரக் கப்பல்களின் சிறு மாதிரிகளைப் பற்றிப் பேசுமாறு எனக்குப் பணித்தீர்கள். கண்ணாடிப் பேழைக்குள் நிற்கும் அச்சிறு கலங்களை விளையாட்டுப் பொருள்கள் என்று எண்ணிக் கடந்து செல்வோர் பலர். ஆனால், முறையாகச் செய்த மாதிரி ஓர் ஆவணமாகும். கல்வெட்டையும் ஓலைச்சுவடியையும் போல அதுவும் படித்தறியத் தக்கது.

ஒரு சான்று கூறுகிறேன். ஸ்பெயின் நாட்டின் கட்டலோனியப் பகுதியில் மட்டாரோ என்னும் ஊர் உள்ளது. அங்கு ஒரு சிறு தேவாலயத்தில், பதினைந்தாம் நூற்றாண்டில் செய்த கப்பல் மாதிரி ஒன்று காணிக்கைப் பொருளாக இருந்து வந்தது. இன்று அது நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. அக்காலத் தச்சர்கள் கப்பலை வரைபடம் தீட்டிக் கட்டியவர்கள் அல்லர். ஆதலால், கொலம்பஸ் கடலோடுவதற்குச் சற்று முற்பட்ட காலத்துக் கலங்களின் உடற்கட்டை அறிய விரும்பும் ஆய்வாளர்கள் அந்தக் காணிக்கையையே நாடுகின்றனர். பக்தியால் வைத்த பொருள் வரலாற்றுக்கு விளக்காயிற்று.

எனினும், அது துல்லியமான அளவில் செய்ததன்று. அளவு தவறாத மாதிரிகள் பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்துக் கடற்படைக்கெனச் செய்யப்பட்டன. நாட்குறிப்பால் புகழ்பெற்றவரும் கடற்படை நிர்வாகியுமான சாமுவேல் பீப்ஸ் அவற்றை விரும்பிச் சேர்த்தவர். அவற்றுள் பெரும்பாலானவற்றில் கப்பலின் ஓர் அடி, மாதிரியில் கால் அங்குலம். அதாவது நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. அடிப்பகுதியில் பலகை பொருத்தாமல், விலா எலும்பு போன்ற உட்சட்டங்கள் தெரியுமாறு விட்டிருப்பார்கள்.

இத்தொழிலின் அறம் ஒன்றே ஒன்று. எடுத்த அளவுகோலை இறுதிவரை மாற்றலாகாது. பாய்மரத்துக்கு ஓர் அளவு, கயிற்றுக்கு வேறோர் அளவு என்று கொள்ள முடியாது. மெய்யான கப்பலில் 96 மில்லிமீட்டர் தடிப்புள்ள கயிறு, இம்மாதிரியில் 2 மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும். சற்றே தடித்துவிட்டாலும் கண் அதைக் காட்டிக்கொடுத்து விடும்.

அளவு தவறினால் என்ன நேரும் என்பதற்கு வாசா என்னும் கப்பலின் கதையைக் கூற விரும்புகிறேன். சுவீடன் மன்னர் குஸ்தாவ் அடால்ஃப் ஆணையால் கட்டப்பட்டது அது. இரண்டு பீரங்கித் தளங்கள், 64 பீரங்கிகள், சுமார் 700 மரச் சிற்பங்கள், 69 மீட்டர் நீளம். தலைமைத் தச்சர் ஹென்ரிக் ஹிபெர்ட்சன் பணி முடியுமுன்னரே 1627 இல் காலமானார். போர்க்களத்திலிருந்த மன்னரோ விரைவுபடுத்தியவண்ணம் இருந்தார்.

துறைமுகத்தில் ஒரு சோதனை நடந்தது. முப்பது பேர் கப்பலின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓடினர். மும்முறை ஓடியதும் கப்பல் அச்சந்தரும் அளவுக்கு ஆடியது. கவிழ்ந்துவிடும் என்று அஞ்சிய தளபதி கிளாஸ் ஃபிளெமிங் சோதனையை நிறுத்தினார். ஆனால் பயணத்தை எவரும் நிறுத்தவில்லை. 1628 ஆகஸ்ட் 10 அன்று புறப்பட்ட வாசா சுமார் 1,300 மீட்டர் தூரமே சென்றது. காற்று வீசியதும் சாய்ந்தது. திறந்திருந்த பீரங்கி வாயில்கள் வழியே நீர் புகுந்து, கரையிலிருந்தோர் கண்முன்னே மூழ்கியது. ஏறத்தாழ முப்பது உயிர்கள் மடிந்தன. மேற்பகுதியின் பாரம் மிகுதி. அதைத் தாங்கி நிறுத்த அடியில் இட்ட கற்பாரம் போதவில்லை. விசாரணை நடந்தும் குற்றவாளி என்று எவரும் தீர்ப்பிடப்படவில்லை. ஒரு கப்பல் நிமிர்ந்து நிற்குமா என்பதைக் கணக்கிட்டறியும் முறையைப் பிரெஞ்சு அறிஞர் பியர் பூகே நூலாக வெளியிட்டது 1746 இல்தான். ஆனால் அந்த முப்பது பேரின் ஓட்டம் கணக்கில்லாமலே உண்மையைச் சொல்லியிருந்தது.

மரத்தை அரிக்கும் கடற்புழு பால்டிக் கடலில் வாழ்வதில்லை. ஆதலால் கப்பல் அழியவில்லை. 1956 இல் ஆண்டெர்ஸ் ஃபிரான்சென் அதைக் கண்டறிந்தார். 1961 ஏப்ரல் 24 அன்று, 333 ஆண்டுகளுக்குப் பின் அது நீருக்கு மேல் எழுந்தது. உள்ளே தச்சர்களின் நான்கு அளவுகோல்கள் கிடைத்தன. இரண்டு, 12 அங்குலம் கொண்ட சுவீடன் அடி. மற்ற இரண்டு, 11 அங்குலம் கொண்ட ஆம்ஸ்டர்டாம் அடி. ஒரே கப்பலுக்கு இரு வேறு அடிகள்! கப்பலின் இரு பக்கங்களும் ஒத்திராமைக்கு அதுவும் ஒரு காரணம் என ஆய்வாளர் கருதுகின்றனர்.

இன்று ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகத்தில், கருத்து நிற்கும் அப்பெருங்கலத்தின் அருகே, பத்தில் ஒரு பங்கு அளவில் அதன் மாதிரி நிற்கிறது. பாய்கள் விரிந்து, சிற்பங்கள் செந்நிறமும் பொன்னிறமும் பூண்டு பொலிகின்றன. மூலக் கப்பலில் நீர் கரைத்துவிட்ட வண்ணங்களை, மரத்தில் எஞ்சிய துகள்களை ஆராய்ந்து மீட்டனர். பெரிய கப்பல் இழந்ததைச் சிறிய கப்பல் காத்துத் தருகிறது.

இளைஞர்களே, மாதிரி செய்து பழகுங்கள். ஒரு சட்டம் கோணினால் கழற்றி மீண்டும் பொருத்தலாம். அதனால் எவருக்கும் தீங்கில்லை. வாழ்வில் பெரிய பணிகளை ஏற்கும்போதும் அதே அளவுகோலைக் கையில் வைத்திருங்கள். கலம் ஆடுவதைக் கண்டால், கட்டளையிட்டவர் யாராயினும், அதை வாய்திறந்து சொல்லுங்கள். வாசாவில் குறைந்தது அந்த ஒரு சொல்தான்.