பசுமைப் புரட்சியும் பஞ்சாப் நீரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

வேளாண்மையைப் பற்றிப் பேச நமக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். மெட்ரிகுலேஷன் தேறி ரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்தோம். ஏர் பிடித்து அறியோம். ஆயினும் பஞ்சாபிலுள்ள இவ்வூர்ச் சரக்கு அலுவலகத்தில் இருபது ஆண்டுகளாக அமர்ந்து, இம்மண்ணின் விளைச்சல் எங்கெங்கே செல்கின்றது என்பதைப் பதிந்து வருகின்றோம். அந்தக் கணக்கையே இன்று உங்கள் முன் வைக்கின்றோம்.

பசுமைப் புரட்சி நன்மையா, தீமையா என்னும் வழக்கு நெடுநாளையது. அதன் இரு பக்கங்களிலும் தமிழர் நின்றனர். 1964 முதல் 1967 வரை மத்திய உணவு அமைச்சராயிருந்த சி. சுப்பிரமணியம் அவர்கள் காலத்தில், 1966-இல், மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைக் கோதுமை விதை வரவழைக்கப்பட்டது. அறிவியல் துணையாய் நின்றவர் கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் அவர்கள். இரசாயன உரமும் பூச்சிமருந்தும் மண்ணைக் கொல்கின்றன என்று ஊர் ஊராய்ச் சென்று உரைத்தவரோ, 2013-இல் மறைந்த கோ. நம்மாழ்வார் அவர்கள்.

நன்றி கூற வேண்டியதை முதலில் கூறிவிடுவோம். 1965-66-இல் நாட்டின் கோதுமை விளைச்சல் ஏறத்தாழ 1 கோடி டன். 1966-இல் ஏறக்குறைய அதே அளவு தானியம் அயல்நாட்டுக் கப்பல்களில் வந்திறங்கியது. இன்று கோதுமை மட்டுமே 11 கோடி டன்னுக்கு மேல் விளைகின்றது. வயிறு நிறைந்த பின் புரட்சியை ஏசுவது எளிது; கப்பலை எதிர்நோக்கி நின்ற தலைமுறையிடம் அவ்வாறு பேச நா எழாது.

ஆயினும், 1968 ஜனவரியில், காசியில் நடைபெற்ற இந்திய அறிவியல் மாநாட்டிலேயே சுவாமிநாதன் அவர்கள் எச்சரித்தார். மண்வளத்தைக் காவாமல் ஓயாது பயிரிட்டால் நிலம் பாலையாகும், நிலத்தடி நீரை அளவின்றி இறைத்தால் அது வற்றிப்போகும் என்பது அவ்வுரையின் சாரம். புரட்சியின் தந்தையென அவரைக் கொண்டாடிய நாடு, எச்சரிக்கையை மட்டும் கோப்பில் கட்டி வைத்துவிட்டது. கோப்பு படும் பாடு நம் போன்ற எழுத்தர்க்குத் தெரியாததா!

கோதுமை இம்மண்ணுக்கு உரிய பயிர். நெல் அவ்வாறன்று. 1960-61-இல் பஞ்சாபில் நெல் விளைந்த நிலம் 2¼ லட்சம் ஹெக்டேர் அளவே. இப்பொழுது 30 லட்சத்திற்கும் மேல். இங்குள்ளோர் உண்பதோ ரொட்டி. பின் ஏன் நெல்? குறைந்தபட்ச ஆதார விலை கொடுத்து அரசு பெருமளவில் கொள்முதல் செய்வது கோதுமையையும் நெல்லையுமே. 1997-இல் தொடங்கி, இடையில் சிறிது காலம் நின்று, மீண்டும் வந்த இலவச மின்சாரம் வேறு. விலையும் உறுதி, நீரிறைக்கச் செலவும் இல்லை எனின், எந்த விவசாயி நிலக்கடலை விதைப்பான்? விளைவு, மாநிலத்தின் வட்டாரங்களில் ஏறத்தாழ முக்கால் பங்கில், நிலத்துள் ஆண்டுதோறும் ஊறுவதைவிட அதிக நீர் இறைக்கப்படுகின்றது.

42 வேகன்கள் கொண்ட முழு ரேக் ஒன்றில் ஏறத்தாழ 2,600 டன் அரிசி ஏறும். ஒரு கிலோ அரிசிக்கு இங்கே 3,000 லிட்டருக்குக் குறையாமல் நீர் வேண்டும் என்பர். ஒரு நாள் இரவுப் பணியின் முடிவில் பெருக்கிப் பார்த்தோம்: 780 கோடி லிட்டர்! மழையும் கால்வாயும் தந்ததைக் கழித்தாலும் பெரும்பங்கு பூமிக்கடியிலிருந்து வந்ததே. ரசீதில் நாம் எழுதுவது அரிசி என்று மட்டுமே. போய்ச் சேரும் நிலையம் என்னும் கட்டத்தில் தமிழகத்து நிலையங்களைப் பன்முறை எழுதியிருக்கின்றோம். நம் உற்றார் நியாயவிலைக் கடையில் வாங்கும் அரிசியில் இந்த நீரும் கலந்திருக்கின்றது. நாமோ இங்கு விளையும் அரிசி பிடிக்காமல், விடுமுறையில் ஊர் சென்று திரும்புகையில் பொன்னி அரிசி மூட்டையை இருக்கைக்கு அடியில் தள்ளிக்கொண்டு வருகின்றோம். சிரிக்காதீர்கள், அவ்வாறு செய்யாத குடும்பம் இம்மண்டபத்தில் உண்டா?

காலனிக்குப் பால் கொணரும் முதியவரான சர்தார்ஜியை அனைவரும் அறிவீர்கள். அவர் தந்தையார் காலத்தில் 30 அடியில் நீர் இருந்ததாம். இன்று 300 அடிக்குக் கீழே மோட்டார் இறங்கியிருக்கின்றது. கிணற்றை இருமுறை ஆழப்படுத்தியதில் கடன் வேறு. "பாபுஜி, எங்கள் வீட்டில் அரிசி விசேஷ நாளில்தான். நீங்கள் சாப்பிட எங்கள் பேரன்மாரின் தண்ணீரை வண்டியேற்றுகின்றோம்" என்றார் ஒரு நாள். கோபமாகச் சொல்லவில்லை. நம்மிடம் விடையும் இல்லை.

நீரைக் காக்க 2009-இல் ஒரு சட்டம் வந்தது. ஜூன் 10-க்கு முன் நடவு கூடாது என்றது. நடவு தள்ளிப்போகவே அறுவடையும் தள்ளிப்போயிற்று. கோதுமை விதைப்பதற்குள் மூன்று வாரமே இடைவெளி. அறுவடை இயந்திரம் விட்டுச் சென்ற தாளை அகற்ற ஆளும் பணமும் இல்லாதவன் தீக்குச்சியைக் கிழிக்கின்றான். ஐப்பசியில் நம் குழந்தைகள் இருமுவதற்கு இதுவும் ஒரு காரணம். அதற்காக விவசாயியை மட்டும் குற்றவாளியாக்க நாம் ஒருப்படோம்.

இன்னொன்று. பட்டிண்டாவிலிருந்து பிக்கானேர் மருத்துவமனைக்கு நோயாளிகள் சென்ற இரவு வண்டியை மக்கள் 'கான்சர் வண்டி' என்றே அழைத்தனர். பூச்சிமருந்து காரணமா, நீரிலுள்ள யுரேனியம் போன்றவை காரணமா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த முடிவில்லை. நம் துறையின் கால அட்டவணையில் இல்லாத அப்பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

பழைய விதைக்கே திரும்புவோம் என்பாரோடு நாம் சேரோம். உள்ளபடியே நடக்கட்டும் என்பாரோடும் சேரோம். நெல்லும் கோதுமையும் விளையும் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கை வேறு பயிருக்கு மாற்றுக என 1986-லேயே ஜோல் குழு கூறிற்று. மாற்றச் சொன்னால் போதுமா? மாற்றியதை வாங்குவார் வேண்டாமா? சென்ற ஆண்டு நம் சர்தார்ஜி இரண்டு ஏக்கரில் நெல்லை விட்டு மக்காச்சோளம் விதைத்தார். அதற்கும் ஆதார விலை அறிவிக்கப்பட்டிருந்தது. மண்டியில் அவ்விலைக்கு வாங்குவார் இல்லை. நம் அலுவலகச் சாளரத்தண்டை வந்து, "பாபுஜி, உங்கள் பக்கம் கோழித்தீவனத்துக்கு வாங்குவார்களாமே, வேகன் கிடைக்குமா?" என்று கேட்டார். நமக்கு வேண்டுவது முழு ரேக். ஏக்கருக்கு 2 டன் விளைந்தாலும் 1,300 ஏக்கர் சோளம் சேர்ந்தால்தான் ஒரு ரேக் நிரம்பும். இதைக் கணக்கிட்டுச் சொன்னோம். அவர் பால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இவ்வாண்டு அந்த இரண்டு ஏக்கரிலும் நெல் நட்டிருக்கின்றார்.